ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு
தொற்றா நோய்களுக்கு வழிவகுக்கும் காரணிகளை ஒரு நாட்டு மக்களிடையே அளந்தறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆய்வுமுறை. உலகில் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதயநோய், புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் நோய் போன்றவற்றால் நேர்கிறது. நோயின் பரவல் தெரியாமல் மருந்து, பணியாளர், நிதி எதையும் திட்டமிட முடியாது என்பதே இம்முறையின் அடிப்படை.

ஆய்வு மூன்று படிகளில் நடைபெறும். முதற்படியில் புகையிலை, மது, காய்கனி உணவு, உடலுழைப்பு பற்றிய கேள்விகள் கேட்கப்படும். இரண்டாம் படியில் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் அளக்கப்படும். மூன்றாம் படியில் இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கப்படும். உப்பு உட்கொள்ளும் அளவைக் கணிக்கச் சிறுநீரும் பரிசோதிக்கப்படுகிறது. பெரும்பாலும் 18 முதல் 69 வயது வரையுள்ளோர் மாதிரியெடுப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுவர். வசதி குறைந்த நாடுகள் முதலிரு படிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லா நாடுகளும் ஒரே வரையறைகளைக் கையாள்வதால் முடிவுகளை ஒப்பிட இயலும்.

இலங்கை 2015இல் இக்கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாட்டில் 2020இல் மாநில அளவில் நடைபெற்றது. நோய் இருப்பதையே அறியாதோர், அறிந்தும் சிகிச்சை பெறாதோர், சிகிச்சை பெற்றும் நோய் கட்டுப்படாதோர் எனப் பிரித்துக் காட்டுவதே இதன் தலையாய பயன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப நடத்தினால்தான் திட்டங்களின் பலனை மதிப்பிட முடியும்.