ஆறு மாத அவகாசமும் அக்கரைப் படிப்பும்

பாகூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஏரியும் நெல் வயலும்தான். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அது படிப்புக்குப் பேர் போன ஊர். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. நிலைதாங்கி என்ற தலைவனின் வேண்டுகோளின்படி சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் பாகூரில் இருந்த 'வித்யாஸ்தானத்துக்கு' தானமாகக் கொடுக்கப்பட்டன. வித்யாஸ்தானம் என்றால் இன்றைய பேச்சில் கல்லூரி.

வில்லியனூர் தாலுகாவில் இருக்கும் திருபுவனையிலும் இதே கதைதான். 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் இராஜாதிராஜ சோழனின் கல்வெட்டு அங்கே ஒரு கல்லூரி நடந்ததைச் சொல்கிறது. மாணவர்கள் 260 பேர், ஆசிரியர்கள் 12 பேர். அவர்களுக்கான நெல்லுக்கும் அதிலேயே கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து 'ஹாஸ்டல் பட்ஜெட்' என்றே சொல்லலாம்!

ஆனால் பெருமை பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே சொல்லிக் கொடுத்தது வேதமும் சாஸ்திரமும். படித்தவர்கள் பிராமணர்கள். கல்லூரிக்கான நெல்லை விளைவித்த உழவனின் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. செலவு கிராமத்தின் தலையில், படிப்பு வேறு ஒருவருக்கு. இந்தக் கணக்கு பின்னால் வந்த காலங்களிலும் பெரிதாக மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தன. 1880இல் பிரெஞ்சு அரசு கொம்யூன் முறையைக் கொண்டு வந்தபோது புதுச்சேரிப் பகுதி நான்கு கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். இன்றைக்கும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று சொல்கிறோமே, அந்த வார்த்தை அப்போது வந்ததுதான்.

பாகூர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி கடலூர். ஆனால் கடலூர் பிரிட்டிஷ் இந்தியா, பாகூர் பிரெஞ்சு இந்தியா. ஆற்றைத் தாண்டிப் படிக்கப் போனால் அதுவே ஒரு விதத்தில் வெளிநாட்டுப் படிப்பு! சட்டம் வேறு, பாடத்திட்டம் வேறு, வேலைக்குக் கேட்கும் சான்றிதழும் வேறு. 1941 முதல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சுங்க ஏற்பாடு இருந்தது. 1949இல் இந்தியா அதை முடித்துக்கொண்டதும் எல்லையில் சோதனை கடுமையானது. வயல் ஒரு நாட்டில், வீடு இன்னொரு நாட்டில் என்றிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, பிரெஞ்சு இந்தியாவுக்குள்ளேயே எவ்வளவு தூரம் படிக்க முடிந்தது? புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி 1823இல் தொடங்கியது. அதுதான் இன்றைய ஜிப்மரின் வேர். இன்றைக்கு லிசே பிரான்சே என்று அழைக்கப்படும் பள்ளி 1826இல் வந்தது. சட்டப் பள்ளியும் இருந்தது. கல்வே காலேஜ் இருந்தது. இவை எல்லாமே நகரத்தில். பல்கலைக்கழகம் மட்டும் கிடையாது. பக்கலோரேயா (நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி) முடித்துவிட்டு முழுப் பட்டம் வேண்டும் என்றால் கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போக வேண்டும். பாகூரிலும் வில்லியனூரிலும் ஒரு விவசாயக் கூலியின் பிள்ளை அந்தக் கப்பலைக் கனவில்கூட நினைத்திருக்க முடியாது.

இந்த நிலைமையில் கீழே இருந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. அது படிப்பால் திறந்ததல்ல, ஒரு கையெழுத்தால் திறந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இந்துச் சட்டம், முஸ்லிம் சட்டம், சாதி வழக்கம் ஆகியவற்றின்படி அமைந்த தன் தனிநிலையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அப்படிச் செய்தவர்களை 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர்கள், என்றார்கள். குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வரக் கூடாது என்று 1873இல் தடுத்தபோது பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். அவர் 'லபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள்!

துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். சாதியை விட்டு வெளியே வர ஒரு வழி, அதோடு வேலைக்கும் வழி. அப்போது சைகோன் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வரி வசூல், சுங்கம், போலீஸ், தபால் என்று அங்கே ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்ட புதுச்சேரித் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். பட்டாளத்திலும் சேர்ந்தார்கள். புதுச்சேரிப் பேச்சில் 'சொல்தா' என்ற வார்த்தை இப்படித்தான் வந்தது. சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அடுத்த தலைமுறையில் பிரான்சுக்கே போனார்கள்.

அடுத்த திருப்பம் வில்லியனூர் கொம்யூனில் நடந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, கீழூர் என்ற சின்னக் கிராமம். பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர இழுத்தடித்ததால், 1962 ஆகஸ்டு 16ஆம் தேதிதான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிய பகுதிதான் முக்கியம். இங்கே பிறந்து இங்கேயே வசிப்பவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்தியக் குடிமகன். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து, அந்தச் சமயத்தில் சைகோனிலோ பிரான்சிலோ இருந்தவர்களுக்கு நேர் எதிர். அவர்கள் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள்தான். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றவரின் முடிவே முடிவு.

ஆறு மாதத்தில் ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சிடமிருந்து சம்பளமோ பென்ஷனோ வாங்கியவர்களுக்கு இந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியும். ஏர் உழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்தும் வேண்டாம் என்றவர்களும் உண்டு. சுதந்திரத்துக்காகப் போராடிவிட்டு மறுபடியும் பிரெஞ்சுக்காரனாக எழுதிக் கொடுப்பதா என்ற மானமும் அதில் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் 1963இன் தொடக்கத்தில் எடுத்த (அல்லது எடுக்காத) அந்த முடிவு, பேரப்பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வரை வந்து நிற்கிறது. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம்.

2019இல் பிரான்சு அரசு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் புதிய மாணவர்களுக்குக் கட்டணத்தை உயர்த்தியது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ. அதே வகுப்பில் பிரெஞ்சுக் குடிமகன் கட்டியது 170 யூரோ. முதுநிலைக்கு 3,770, அவர்களுக்கு 243. அதற்குப் பிறகு இந்தத் தொகைகள் ஏறியிருக்கின்றன, இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 17,000 ரூபாய், இன்னொருவருக்கு 2,77,000 ரூபாய். பதினாறு மடங்கு! போதாததற்கு இந்திய மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 7,380 யூரோ, அதாவது 7 லட்சத்துக்கு மேல். பிரெஞ்சுக் குடிமகனுக்கு விசாவே தேவையில்லை. ஒரே தெருவில் பிறந்து ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேருக்கு இந்த வித்தியாசம். காரணம் மதிப்பெண் அல்ல, தாத்தா போட்ட கையெழுத்து.

அப்படியானால் காகிதம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இந்தத் தலைமுறையில்தான் அது கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் ஒருவர் பட்டத்தை மற்றவர் அங்கீகரிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதாகப் பிரான்சு அறிவித்திருக்கிறது. பிரான்சில் உயர்ந்த கட்டணத்திலிருந்து விலக்குத் தரும் பல்கலைக்கழகங்கள் பல. சார்பாக், எய்ஃபெல் என்ற உதவித்தொகைகள் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, செலவுக்கான பணத்தை மட்டும் முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டில் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புக்கானது. பாகூர் மாதிரி ஒரு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் எது?

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த உதவிகளில் பெரும்பாலானவை முதுநிலைக்குத்தான். அதனால் பி.காம். முதல் வருஷத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது அல்ல. இங்கேயே பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, அந்த மூன்று வருஷத்தில் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு, முதுநிலைக்குக் குறி வைப்பதுதான் செலவு குறைந்த வழி.

1963இல் கிராமங்கள் இழந்தது அறிவுக் குறைவால் அல்ல, தகவல் குறைவால். ஆறு மாத அவகாசம் ஒன்று இருக்கிறது, அதன் மதிப்பு இவ்வளவு என்று வீடு தேடி வந்து சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கும் உதவித்தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதி நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்து, வில்லியனூருக்கும் பாகூருக்கும் மட்டும் தெரியாமல் கடந்து போனால், பழைய கதையேதான் மறுபடியும் நடக்கும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.