நம் இதழ்களின் தமிழ்



செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பேசும் மொழியே நாளடைவில் மக்களின் பேச்சாகிவிடுகிறது. ஆகவே, எத்தகைய தமிழில் எழுதுவது என்பது நம் முன்னோர்க்கும் பெரிய வினாவாக இருந்தது.

தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலம் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழைப் பேணி வந்தனர். மார்க்கக் கல்வியை இல்லந்தோறும் கொண்டுசேர்த்த பெருமை அதற்குண்டு. ஆயினும், அவ்வெழுத்தை அறியாத அண்டை வீட்டார்க்கு அது திறவாத கதவாகவே இருந்தது. அச்சிதழ்களே அக்கதவைத் திறந்தன. 1882-இல் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்.

வடசென்னையும் இவ்வரலாற்றுக்கு அந்நியமன்று. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது, அதற்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் திரு.வி.க. அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கிய 'தேசபக்தன்' நாளிதழில், ஆங்கிலம் அறியாதோரும் அரசியலை உணரும்படி அவர் நல்ல தமிழில் எழுதினார்.

1920களில் பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' நம் சமுதாயத்தில் அப்பணியைச் செய்தது. ஜும்ஆ உரை தமிழில் அமைய வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அவருடைய கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் மறுத்தனர். எனினும், பிழையற்ற தமிழில் மார்க்கம் பேசலாம் என்பதை அவ்விதழ் நிலைநாட்டியது.

இன்று நம் நிலை என்ன? தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் ஆகியவை நம் முன்னோர் பேணித் தந்த தமிழ்ச் சொற்கள். ஊடகங்களோ 'ரம்ஜான் பண்டிகை', 'பக்ரீத்' என்றே எழுதுகின்றன. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உருது பேசும் நம் சகோதரர்களுக்கு அவர்களின் சொற்கள் இயல்பானவை, அதில் குறையேதுமில்லை. ஆனால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகளே 'நோன்புப் பெருநாள்' என்பதை மறந்தால், இழப்பு நமக்கே. அண்டை வீட்டாரும் எளிதில் உணரும் சொல் அது.

இறைத்தூதர்கள் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதைத் திருக்குர்ஆன் (14:4) உணர்த்துகிறது. எனவே, பத்திரிகைக்கு எழுதும் கடிதத்திலும், கைப்பேசியில் அனுப்பும் வாழ்த்திலும் நம் சொற்களையே எழுதுவோம், பிழையின்றி எழுதுவோம்.

தெளிவான, நேர்மையான சொல்லை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.