எண்பது டாலர் குதிரை ஏறிய படிக்கட்டு

1956 பிப்ரவரி. பென்சில்வேனியாவின் நியூ ஹாலந்து குதிரைச் சந்தை முடிந்துவிட்டது. யாரும் வாங்காத குதிரைகளை இறைச்சிக்கூடத்துக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தாமதமாக வந்து சேர்ந்தார் ஹாரி டி லேயர். நெதர்லாந்திலிருந்து குடியேறியவர், லாங் ஐலண்டில் ஒரு பெண்கள் பள்ளியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவர். லாரிக்குள் நின்ற ஒரு சாம்பல் நிற உழவுக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். பிள்ளைகள் அதற்கு ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு பக்கத்தில் ஒரு டாக்டருக்கு விற்றார். அது வேலியைத் தாண்டித் தாண்டி வீடு திரும்பியது. அட, இவனுக்குத் தாவத் தெரியுதே! 1958-இல் அதே குதிரை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தேசிய ஹார்ஸ் ஷோவின் ஓபன் ஜம்பர் சாம்பியன்.

இதை எல்லோரும் அதிர்ஷ்டக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த லாரிக்கும் மேடிசன் ஸ்கொயருக்கும் நடுவில் இருந்த படிக்கட்டுதான் முக்கியம். அதைக் கட்டியது யார்?

முதல் படி வர்ஜீனியாவில், 1853-இல். அப்பர்வில் ஊரில் ரிச்சர்ட் ஹென்றி டுலானி என்ற நிலப்பிரபு ஓக் மரங்களுக்கு அடியில் குதிரைக்குட்டிகளைக் கூட்டி, நன்றாக வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார். நோக்கம் விளையாட்டு இல்லை. வட்டாரக் குதிரைகளின் தரம் உயர வேண்டும், அவ்வளவுதான். அவருடைய பண்ணை நடந்தது அடிமைகளின் உழைப்பில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஷோ இன்றும் ஜூன் மாதத்தில் நடக்கிறது.

1883-இல் நியூயார்க்கில் தேசிய ஷோ தொடங்கியது. ஆனால் ஊருக்கு ஊர் விதி வேறு, நடுவர் வேறு. இங்கே ஜெயித்த நீல ரிப்பனுக்கு அங்கே என்ன மதிப்பு? 1917-இல் அமெரிக்க ஹார்ஸ் ஷோ சங்கம் உருவாகிப் பொது விதிகள் வந்தபிறகுதான் சிதறிக் கிடந்த ஷோக்கள் ஒரு சுற்றாக இணைந்தன. என் தொழில் பாஷையில் சொன்னால், தனித்தனி கம்ப்யூட்டர்களுக்கு ஒரு புரோட்டோகால் கிடைத்தது.

இன்னொரு பக்கம் டிராக்டர் வந்தது. 1915 வாக்கில் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமார் 2 கோடியே 60 லட்சம். 1960-இல் சுமார் 30 லட்சம். வேலை போன குதிரைகளுக்கு இரண்டே வழி: ஒன்று அந்த லாரி, இல்லையென்றால் சவாரி. உழைக்கும் குதிரையை மேம்படுத்தத் தொடங்கிய ஷோ, உழைப்பு இல்லாமல் போன குதிரை உயிரோடு இருக்க ஒரு காரணமாக மாறியது.

இதில் ஒரு முரண் உண்டு. அமெச்சூர் என்றால் மூலத்தில் நேசிப்பவர். ஷோ விதிப்படியோ, சவாரி செய்யவோ சொல்லிக்கொடுக்கவோ காசு வாங்கினால் அமெச்சூர் இல்லை. பணம் கட்டி வரும் வாரக்கடைசி ஆட்களுக்கு நியாயமான போட்டி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் குதிரையை வைத்தே சோறு சாப்பிடும் டி லேயர் மாதிரி வாத்தியாருக்கு நேசிப்பவர் என்ற பெயர் கிடையாது.

ஆகவே அவர் எல்லோருக்கும் திறந்திருந்த ஓபன் பிரிவில், லாங் ஐலண்ட் பக்கத்து ஷோக்களில் ஏறத் தொடங்கினார். நேராக மேடிசன் ஸ்கொயர் வாசலில் போய் நின்றிருந்தால் 80 டாலர் குதிரையை யார் பார்த்திருப்பார்கள்? பக்கத்து ஊர் மைதானம் பார்த்தது.

ஜெயித்த பிறகு விலைக்குக் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. 1974-இல் சாகும்வரை ஸ்னோமேன் அவருடைய குதிரையாகவே இருந்தது. விதிப்புத்தகத்தில் அவர் புரொஃபஷனல்தான்.