ஆலத்தியூர் எந்த மாவட்டம்? விக்கிப் பக்கங்களின் பதிப்பு ஒப்பீடு குறித்து ஓர் ஆய்வு

சிமெண்ட் ஆலையால் வெளியூராருக்குத் தெரிந்த ஆலத்தியூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம்தான் மாறி மாறி வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனியானது; 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது; 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இடைவெளியில் நடந்ததால் அதன் அட்டவணைகளில் அரியலூர் தனி மாவட்டம். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோதோ அப்படியொரு மாவட்டமே கிடையாது.

இப்பகுதி ஊர் ஒன்றைப் பற்றிய விக்கிப் பக்கத்தில் 2005இல் ஒருவர் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது சரி. 2008இல் இன்னொருவர் அதை 'அரியலூர்' என்று மாற்றினால் அதுவும் சரி. ஆனால் 2006இல் ஒருவர் கணக்கெடுப்பு அட்டவணையை நம்பி அதே திருத்தத்தைச் செய்திருந்தால் அது பிழை. இரு பதிப்புகளை அருகருகே காட்டும் விக்கியின் ஒப்பீட்டுக் கருவியின் திரையில் 2006, 2008 திருத்தங்கள் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு சொல் போனது, ஒரு சொல் வந்தது. கருவிக்குத் தெரிந்தது அவ்வளவே. இக்குறைபாட்டின் வேர் அக்கருவி பிறந்த விதத்தில் இருக்கிறது.

பிரதிகளை ஒப்பிடுவது தமிழுக்குப் புதிதல்ல. சிறுவயதில் அரியலூரிலும் அருகிலுள்ள குன்னத்திலும் தமிழ் பயின்ற உ.வே.சாமிநாதையர், பின்னாளில் பல ஊர் ஏடுகளை ஒத்துப் பார்த்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் வழியில் பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைப்பார். மற்றவை பிரதிபேதமாகப் பக்கத்தின் அடிக்குப் போகும். எந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம் என்ற தீர்ப்பும் அந்த வேலைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

கணினி எடுத்துக்கொண்டது இதில் ஒரு பாதியை மட்டும். பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய 'டிஃப்' 1974இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஜேம்ஸ் ஹண்டும் அவரும் 1976இல் அதன் கணிப்பு முறையை விளக்கி அறிக்கை எழுதினார்கள். இரு கோப்புகளிலும் ஒரே வரிசையில் வரும் மிக நீண்ட பொதுப்பகுதியைக் கண்டுபிடித்து, மிஞ்சியதை வேறுபாடு என்று அறிவிப்பதே அம்முறை. யூஜின் மையர்ஸ் 1986இல் இதை இன்னும் விரைவாக்கினார். முதல் கோப்பை இரண்டாவதாக மாற்ற ஆகக் குறைந்த திருத்தம் எது என்பதுதான் இக்கருவிகளின் கேள்வி. திருத்தியவர் உண்மையில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதை அவை கேட்பதே இல்லை. நிரல் எழுதுவோருக்கு அது போதும். நிரலில் ஒரு வரி என்பது ஒரு கட்டளை. கட்டுரையில் ஒரு பத்தி முழுவதுமே ஒரே வரியாகிவிடும்.

வார்டு கன்னிங்காமின் முதல் விக்கி 1995இல் வந்தது. 2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா யூஸ்மோட் மென்பொருளில் தொடங்கியது. பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் நீக்கிவிடும் வழக்கம் அதில் இருந்ததால் தொடக்ககாலத் திருத்தங்கள் பல அழிந்தன என்றே கருதப்பட்டது. 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் பழைய காப்பு நகல்களிலிருந்து அவற்றில் ஒரு பகுதியைக் கண்டெடுத்தார். பரணில் கிடந்த ஏடு கிடைத்த கதைதான். பின்னர் வந்த மீடியாவிக்கி ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைத்து, வரிக்குள் மாறிய சொல்லையும் நிறம் பூசிக் காட்டியது.

தமிழில் சிக்கல் இந்தச் சொல் அளவில்தான் தொடங்குகிறது. 'மாவட்டத்தில் உள்ள' என்பதை ஒருவர் 'மாவட்டத்திலுள்ள' என்று சேர்த்து எழுதினால் இரு சொற்கள் நீங்கி ஒரு புதுச்சொல் வந்ததாகக் கருவி காட்டும். ஒற்று ஒன்றைச் சேர்த்தாலும் முழுச்சொல் மாறியதாகவே கணக்கு. சந்திப்பிழை திருத்துவதையே தொண்டாகக் கொண்டவர் ஒருவர் வந்துபோன பக்கத்தில், நிறம் பூசிய ஐம்பது சொற்களுக்கு நடுவே மாறிய ஆண்டு ஒன்று கண்ணில் படாமல் போவது எளிது. எழுத்துருவிலும் இதே தொல்லை. 'ொ' என்பதை ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் உள்ளிடலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் ஒன்றே என்பதால் மீடியாவிக்கி சேமிக்கும்போதே சமன்செய்துவிடுகிறது. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் எந்த விதியும் உதவாது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரு 'கௌ'க்களைக் கருவி வேறு வேறு என்று சாதிக்கும்.

இதைவிடப் பெரிய குறை இரண்டே பதிப்புகளை ஒப்பிடுவது. 2001இலும் 2008இலும் எடுத்த மாவட்டப் பட்டியல்களை அருகருகே வைத்தால் அரியலூர் இரண்டிலும் இருக்கும். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது இல்லாமல் போன தடயமே தெரியாது. மாற்றி, மீட்ட திருத்தங்களும் விக்கிப் பக்கங்களில் இப்படியே மறைகின்றன. இதை உணர்ந்துதான் ஐபிஎம் ஆய்வகத்தில் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் இருவரும் 2003 வாக்கில் ஒரு பக்கத்தின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே படமாக விரிக்கும் 'ஹிஸ்டரி ஃப்ளோ'வை உருவாக்கினார்கள். ஒரு சொல்லை முதலில் நுழைத்தவர் யார் என்று தேடித்தரும் விக்கிபிளேம் போன்றவையும் உண்டு. பல பிரதிகளை ஒருசேர ஒத்துப்பார்க்கும் கொலேட்எக்ஸ், பதிப்பாசிரியரின் மேசைக்கு இன்னும் நெருக்கமாக வருகிறது.

இவற்றில் எதுவும் ஆலத்தியூர் குறித்த கேள்விக்கு விடை சொல்லாது. அதைச் சொல்ல ஏற்ற இடம், பக்கத்தைச் சேமிக்கும் முன் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடும் தொகுப்புச் சுருக்கப் பெட்டி. ஊர்ப்பக்கம் திருத்துகிறவர்கள் அதில் இரண்டு விவரங்களைத் தவறாமல் எழுத வேண்டும்: எந்த ஆவணத்தைக் கொண்டு மாற்றினீர்கள், அந்த ஆவணம் எந்தத் தேதியினது. எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் செய்தித் திருத்தத்தையும் ஒரே சேமிப்பில் கலக்காமல் தனித்தனியே சேமியுங்கள்.