தொலைந்து போன ரயிலும் கேமரா வைத்த பேருந்தும்

முன்னுரை

ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு இன்று பேருந்து போகிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகுதான் இது சாத்தியமானது. அதற்கு முன் மணலில் வேனிலும் ஜீப்பிலும்தான் போக வேண்டும். அந்தப் பேருந்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு போகும் ஒருவர், வரைபடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதே கரையில்தான் 1964-ல் ஒரு முழு ரயில் தொலைந்து போனது. ஓடும் வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

1964 டிசம்பர் 22

அன்று இரவு பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு 653-ம் எண் பாசஞ்சர் ரயில் கிளம்பியது. ரயில்வே கணக்குப்படி 110 பயணிகளும் 5 ஊழியர்களும் அதில் இருந்தார்கள். நள்ளிரவை ஒட்டி, தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜ தூரமே இருந்தபோது புயல் அலை ரயிலை மூடியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ரயிலை எப்படிக் கவனித்தார்கள்? வண்டி கிளம்பிவிட்டது என்று ஒரு நிலையம் சொல்லும். வந்து சேர்ந்தது என்று அடுத்த நிலையம் சொல்லும். இடைப்பட்ட தூரத்தில் வண்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது. புயலில் கம்பிகள் அறுந்ததும் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. விபத்துச் செய்தி தெற்கு ரயில்வே தலைமையகத்தை எட்டி அறிவிப்பாக வெளிவர இரண்டு நாட்கள் ஆயின!

பதில் இல்லாத கேள்விகள்

எத்தனை பேர் இறந்தார்கள்? 115 என்பது கணக்கில் வந்த எண்ணிக்கை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

ரயில் ஏன் நிற்கவில்லை? சிக்னல் வேலை செய்யவில்லை, ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ரயிலில் இருந்து இதைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. குற்றம் ஓட்டுநர் மேலா, சிக்னல் மேலா, அந்த இரவில் வண்டியை அனுப்பியவர்கள் மேலா என்பதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்று பேருந்தில் வைக்கப்படும் கேமராவும் ஜி.பி.எஸ். கருவியும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் பதில் வைத்திருக்கின்றன. வண்டி எங்கே? உள்ளே யார்? என்ன நடந்தது?

காற்றைக் கேட்டு நடக்கும் சிக்னல்

அதே புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்துப் போட்டது. 1914-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை இளம் பொறியாளரான இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் ஓடவே இல்லை.

பின்னாளில் பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைப் பொருத்தி சிக்னலோடு இணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். நிலைய அதிகாரியும் ஓட்டுநரும் அவசரப்பட்டாலும் ரயில் பாலத்தில் ஏற முடியாது. இங்கே கருவி காற்றை அளந்ததோடு நிற்கவில்லை. அந்த அளவைப் பார்த்ததும் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

பேருந்துகளின் காலம்

1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். பாலம் வந்ததும் பேருந்துகள் நேராகக் கோயில் ஊருக்கே வந்தன. வட இந்தியாவில் இருந்து வரும் யாத்ரீகர்கள், கடலோர கிராமத்துப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பேருந்தை நம்பி வாழப் பழகினார்கள்.

பேருந்துக்குள் ஆபத்து என்பது புயலால் மட்டும் வருவதில்லை என்று 2012 டிசம்பர் 16 இரவில் டெல்லி காட்டியது. ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கொடூரமாகத் தாக்கப்பட்டார். தலைநகரின் சாலைகளில் அந்தப் பேருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே நடப்பது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. 2013-ல் மத்திய அரசு நிர்பயா நிதியை உருவாக்கியது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பேருந்துகளிலும் டாக்சிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் கட்டாயம் என்று விதி வந்தது.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, சிம் கார்டு வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். டவர் கிடைக்காத இடத்தில் தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். வண்டியின் மின்சாரம் போனாலும் வேலை செய்யத் தனி பேட்டரி உண்டு. 1964-ல் கம்பி அறுந்ததும் எல்லாம் நின்றதே, அந்தக் குறைக்கு இதுவே விடை.

சென்னை மாநகரப் பேருந்துகளில் நிர்பயா நிதியில் 2022 மே மாதம் கேமராத் திட்டம் தொடங்கியது. முதலில் 500 பேருந்துகள், மொத்த இலக்கு 2,500. ஒவ்வொன்றிலும் மூன்று கேமராக்கள், நான்கு அவசர பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் ஒலி கேட்கும், பேருந்தின் உள்ளே நடப்பதும் திரையில் தெரியும்.

கேமரா மட்டும் போதுமா?

சென்னையில் பொத்தானை அழுத்தினால் அடுத்த சிக்னலில் போலீஸ் இருக்கலாம். ராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் இரவு பத்து மணிக்கு அழுத்தினால்? திரையில் புள்ளி தெரியும், படமும் தெரியும். ஆனால் அந்தப் புள்ளியை நோக்கி யாராவது கிளம்ப வேண்டும். பக்கத்துக் காவல் நிலையம் எது, யார் போவது, எத்தனை நிமிடத்தில் போவது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர நடக்காமல் தடுக்காது. அந்தப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வேண்டும். பாதுகாப்புக்காக எடுத்த படமே பெண்களுக்குத் தொல்லையாகிவிடக் கூடாது.

முடிவுரை

தனுஷ்கோடி ரயிலில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அன்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று ஒரு பேருந்து எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி தெரிந்துகொள்ளக் கருவிகள் உள்ளன. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பாம்பன் சிக்னல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. காற்றை அளந்ததால் மட்டும் ரயில் நிற்கவில்லை, அளந்த உடனே சிவப்பு விழும்படி செய்ததால்தான் நின்றது. பேருந்தில் ஒரு பெண் அழுத்தும் பொத்தானுக்கும் அப்படி ஒரு சிவப்பு விளக்கு எங்காவது உடனே எரிய வேண்டும். அதைப் பார்த்த உடனே ஒருவர் எழுந்து ஓட வேண்டும்!