பொறியாளரும் பாராட்டும்: தென்சென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றிலும் பொறியாளர் குடியிருக்காத தெருவைத் தேடிப்பிடிப்பது கடினம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1959இல் வந்த ஐ.ஐ.டி., தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், 2000இல் திறந்த டைடல் பூங்கா எல்லாம் அடையாற்றுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. தாத்தா பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்றவர், மகன் தொழிற்சாலையில், பேத்தி சாஃப்ட்வேரில் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் இருப்பதும் இங்கே புதுமையல்ல. செய்த வேலைக்கு இவர்களுக்குப் பாராட்டு யாரிடமிருந்து வருகிறது, வந்தால் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். சம்பளமும் பதவி உயர்வும் பாராட்டின் வேடத்தில் வரும் இடங்களில் மட்டும் பேசப்படும்.

கருதுகோள் இது: ஒரு வேலை நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனத்தில் காண முடிந்தவரால்தான் பொறியாளரைப் பாராட்ட முடியும். பாடகரின் வெற்றி காதில் விழுகிறது. பாலத்தின் வெற்றியோ அது விழாமல் நிற்பது. விழாத ஒன்றை யார் கவனிப்பார்?

2. முன்னோர் சொன்னவை

1959இல் வெளியான ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் குழுவினரின் ஆய்வு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டது. வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணங்களைச் சொல்லச் சொன்னபோது, சாதித்த நிறைவு முதலிடத்திலும் அங்கீகாரம் இரண்டாமிடத்திலும் வந்தன. ஆனால் அங்கீகாரம் தந்த மகிழ்ச்சி சீக்கிரம் வடிந்துவிட்டது. வேலையின் சுவையும் பொறுப்பும் தந்த மகிழ்ச்சி நீடித்தது. இந்த ஆய்வுக்கு மறுப்பும் உண்டு. நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் கம்பெனியின் கோளாறு என்று சொல்வது மனித இயல்பு. நேர்காணலில் அந்த இயல்புதான் பதிவாகியிருக்கும் என்றார்கள் விக்டர் வ்ரூம் போன்றவர்கள். மறுப்பு நியாயமானது. ஆயினும் பாராட்டின் ஆயுள் குறைவு என்ற கண்டுபிடிப்பை அது அசைக்கவில்லை.

நம் பக்கத்தில் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் இதன் மறுபாதியை, தன்னைத் தானே பாராட்டுவதை, சிந்தித்திருக்கிறார். தற்புகழ்ச்சி குற்றம் என்பது பொதுவிதி. அதற்கு நன்னூல் பாயிரம் நான்கு விலக்குகள் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை உணராதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது புலவன் தன்னைப் புகழலாம். இன்றைய செல்ஃப் அப்ரைசல் படிவத்தில் நான்கும் ஒருசேர வந்துவிடுகின்றன. அப்படியும் அதை நிரப்ப உட்காரும் பலருக்குக் கை ஓடுவதில்லை. அடக்கம் ஒரு காரணம். சொல்ல என்ன இருக்கிறது என்ற குழப்பம் அதைவிடப் பெரிய காரணம்: "எதுவும் கெடவில்லை" என்பதை எப்படிச் சாதனையாக எழுதுவது?

3. பெயர்ப் பலகை

3.1 தெருவும் பாலமும்

1920களில் நெடுங்குளத்தைத் தூர்த்து எழுந்தது தியாகராய நகர். பிட்டி தியாகராயர், பனகல் அரசர், டி.எம். நாயர், உஸ்மான், நடேசன், சௌந்தரபாண்டியனார் என்று நீதிக்கட்சியின் வரலாற்றையே அதன் சாலைகளிலும் பூங்காக்களிலும் படித்துவிடலாம். ஏரிப்படுகையில் மட்டம் பார்த்து நகர் அமைத்தவர்கள் யார் என்று கேட்டால், அங்கேயே நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கும் சொல்லத் தெரியாது. அடையாற்றின் மேல் பழைய பாலம் எல்பின்ஸ்டன் என்ற ஆளுநர் பெயரில் இருந்தது, புதியது திரு.வி.க. பெயரில் இருக்கிறது. 1973இல் வந்த ஜெமினி மேம்பாலம் அண்ணாவின் பெயரில். 2025இல் தெற்கு உஸ்மான் சாலையில் திறந்த இரும்பு மேம்பாலம் தியாகராய நகர்த் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் பெயரில்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. தலைவர்களுக்குப் பெயர் வேண்டும்தான். ஆனால் 2023 செப்டம்பரில் மெரினா கலங்கரை விளக்கம் அருகே மெட்ரோ சுரங்கப் பணி தொடங்கியபோது, மண்ணைத் துளைக்கும் இயந்திரத்துக்கு 'ஃபிளமிங்கோ' என்று பெயர் சூட்டினார்கள். இன்னொன்று 'கழுகு'. அவை எவ்வளவு தூரம் போயின, எங்கே வெளிவந்தன என்று பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. இயந்திரத்தின் பெயரை அறிந்த வாசகர்களில், அதை வழிநடத்திய பொறியாளர் ஒருவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

பொறியாளர் பெயரை விட்டுவிடுவது நம் மரபு என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, கட்டியவனைக் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று குறிக்கிறது. அரசன் தன் பெயரையே அவனுக்குப் பட்டமாக விட்டிருக்கிறான். இக்காலத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் செயற்பொறியாளர் பெயர் இடம்பெறுவதுண்டு. எல்லா மாண்புமிகுக்களுக்கும் கீழே, குனிந்து படிக்கும் உயரத்தில்.

3.2 ஒரு விலக்கு

தென்சென்னையில் கிடைக்காத சான்று தேனி மாவட்டத்தில் கிடைக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த ஜான் பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15இல் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் வந்தது. காரணம் தெளிவு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் நிலம் எப்படிக் கிடக்கும் என்று அங்கே பாட்டன் பேரனுக்குச் சொல்லியிருக்கிறான். குழாயைத் திருகும் அடையாறு வாசிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

4. மேடை: கோட்டூர்புரம், 2023

2023 அக்டோபர் 2 அன்று அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில், இஸ்ரோவில் பணியாற்றிய தமிழ்நாட்டினர் ஒன்பது பேரை முதலமைச்சர் பாராட்டி, தலைக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கினார். ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய மகிழ்ச்சி அடங்காத நேரம். அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். பாலிடெக்னிக்கில் தொடங்கி ஐ.ஐ.டி. சென்னையில் முனைவர் பட்டம் வரை படித்தவர்.

பொதுமக்கள் பொறியாளர்களைக் கொண்டாடிய அரிய தருணம் இது. ஏன் இவ்வளவு ஆரவாரம்? ராக்கெட் என்பதால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் தரையிறங்கி நிலவில் மோதி நொறுங்கியதை நாடே விழித்திருந்து பார்த்தது. தோற்றால் எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்துகொண்டதால்தான் நான்காண்டு கழித்து வந்த வெற்றியின் எடை புரிந்தது.

அந்த மேடையில் இன்னொரு செய்தியும் இருந்தது. சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் மு. வனிதாவும் அந்தப் பயணத்தின்போது இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும் அந்த ஒன்பது பேரில் இருந்தனர். நொறுங்கியது தரையிறங்கி மட்டுமே. சந்திரயான்-2இன் சுற்றுகலன் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது; அது எடுத்த படங்கள் மூன்றாம் பயணத்துக்கு இறங்குமிடம் தேட உதவின; புதிய தரையிறங்கி அதனுடன் தொடர்பும் கொண்டது. நான்காண்டு ஒழுங்காக ஓடிய அந்தக் கலத்துக்குத் தனியாக யாரும் விழா எடுக்கவில்லை. அடுத்த வெற்றியின் மேடையில்தான் அதற்கும் நாற்காலி கிடைத்தது.

வீரமுத்துவேல் தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையைத் தாம் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார். பெரும் பாராட்டை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவரின் செயல் அது. வந்ததைத் தனக்கு முன்னே நின்றவர்களிடம் திருப்பிவிட்டார்.

5. பழி: அடையாறு, 2015

மேற்கண்ட கருதுகோளுக்கு ஓர் இடறல் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாற்றின் கரைகள் மூழ்கின. அதற்குமுன் ஏரியின் மட்டத்தைப் பற்றிக் கவலைப்படாத நகரம், முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று மனப்பாடம் செய்துகொண்டது. மதகை முன்கூட்டியே திறக்காதது யார் தவறு என்ற விவாதத்தில் பொதுப்பணித் துறைப் பொறியாளரும் மேலிட உத்தரவும் மாறி மாறிக் கூண்டில் ஏறின.

அதன்பின் வந்த மழைக்காலங்களில் ஏரி நிரம்பும் முன்பே உபரிநீரைத் திறந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஆற்றங்கரைவாசிக்கு இப்போது நன்றாகத் தெரியும். என் கருதுகோளின்படி அவர் பாராட்ட வேண்டும். பாராட்டுவதில்லை, மதகு திறந்ததாகச் செய்தி வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். நிலவில் மோதிய கலம் எவர் வீட்டையும் கொண்டுபோகவில்லை. இந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. தோல்வியின் விலையைத் தானே கொடுத்தவரிடம் பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது என்று கருதுகோளைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பத்து விவசாயி பஞ்சத்தைப் பொறியாளர் மீது சுமத்தவில்லை. ஆற்றங்கரைவாசிக்கு வெள்ளம் வந்த வழியிலேயே பொறியாளரும் நின்றிருந்தார்.

6. அலுவலகம்

தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பாராட்டு அச்சில் வார்த்தது. அப்ரிஷியேஷன் மெயில், ஸ்பாட் அவார்ட், வருடக் கடைசியில் ரேட்டிங், அதைத் தொட்டு ஹைக். ரேட்டிங்கை மணி வடிவ வளைவில் பொருத்தும் இடங்களில் எத்தனை பேருக்கு முதல் தரம் என்பது முன்பே முடிவாகிவிடும். ஒருவரைப் பாராட்ட இன்னொருவரை இறக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் மேனேஜரின் வாயிலிருந்து வரும் நல்ல சொல்லைக்கூடச் சந்தேகத்துடன்தான் கேட்க முடியும்.

இதைவிட ஆழமான கோணல் வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் விழுந்து, விடிவதற்குள் தூக்கி நிறுத்தியவருக்கு மெயில் வரும். மேலிடம் முழுவதையும் சிசியில் போட்டு. மூன்று ஆண்டுகளாக ஒருமுறைகூட விழாத பகுதியை எழுதியவருக்கு வராது. சில சமயம் விழுந்த பகுதியை எழுதியவரும் தூக்கி நிறுத்தியவரும் ஒரே ஆளாக இருப்பார். அவருக்கும் மெயில் வரும். தீயணைப்பவரை மட்டுமே பாராட்டும் இடத்தில் தீப்பிடிக்காமல் கட்டுகிறவர் மெல்ல விலகிப்போவார், அல்லது தீ வரட்டும் என்று காத்திருக்கக் கற்றுக்கொள்வார்.

7. அறிந்தவர் பாராட்டு

மார்கழியில் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில் உட்கார்ந்து பார்க்கலாம். நெரவலில் ஒரு சிக்கலான இடத்தைக் கடந்து பாடகர் சரியாக எடுப்பில் வந்து சேரும் அதே நொடியில் முன்வரிசையிலிருந்து 'பலே' எழுகிறது. எங்கே தவறியிருக்கலாம் என்று ரசிகருக்குத் தெரியும். அந்த வரிசையில் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் இருப்பார்கள். தங்கள் பணிக்காலத்தில் அத்தகைய ஒரு 'பலே'யைக் கேட்டவர்கள் எத்தனை பேரோ.

பொறியாளருக்கு அந்த ரசிகர் இன்னொரு பொறியாளர்தான். "அந்த எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டை எப்படி ஐயா சமாளித்தீர்கள்?" என்ற கேள்வி பொன்னாடையைவிட மேல். அதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. கடினமான இடம் எது என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

அ. லலிதாவின் வாழ்க்கை இரண்டு வகைப் பாராட்டையும் பிரித்துக் காட்டுகிறது. 1919இல் பிறந்து, பதினெட்டு வயதில் கைக்குழந்தை இருக்கக் கணவரை இழந்து, பின்னர் கிண்டியில் மின்பொறியியல் படித்துத் தேறியவர். பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின்கடத்திகள், துணைமின் நிலைய வடிவமைப்பில் உழைத்தவர். லண்டன் மின்பொறியாளர் நிறுவனம் அவரை 1953இல் இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. இங்கே அவர் இந்தியாவின் முதல் பெண் பொறியாளராக நினைக்கப்படுகிறார். அது பெருமையே. எனினும் அந்தப் பாராட்டு அவர் யார் என்பதற்கானது. வரைபலகையில் என்ன செய்தார் என்பதைப் பார்த்தது அந்த உறுப்பினர் பட்டியல்தான்.

8. பரிந்துரை

விருதுகளைக் கூட்டுவதால் பயனில்லை; செப்டம்பர் 15 பொறியாளர் தினத்தில் போதிய சால்வைகள் போர்த்தப்படுகின்றன. அலுவலகங்கள் வருடாந்தர மதிப்பீட்டில் 'இவ்வாண்டு நடக்காமல் தடுத்தவை' என்று ஒரு பத்தி சேர்க்கட்டும். அதைச் சரிபார்க்கும் பொறுப்பைத் துறை அறிந்த மூத்தவரிடம் கொடுக்கட்டும். மாநகராட்சி, திறப்பு விழாக் கல்வெட்டோடு நில்லாமல், பராமரிக்கும் பொறியாளரின் பெயரையும் பாலத்தடியில் எழுதி ஆள் மாறும்போது மாற்றட்டும்.

வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழையில் உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கவில்லையென்றால், எந்த வடிகால், எந்தத் தெருமுனை என்று குறிப்பிட்டு, உங்கள் வார்டின் உதவிப் பொறியாளருக்கு மண்டல அலுவலக முகவரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.