கையெழுத்து வேணுமா? முதல்ல ரத்தம் கொடு!

காலேஜ் மூணாவது வருஷம் என்.எஸ்.எஸ். முகாம்ல முதல் தடவையா ரத்தம் கொடுத்தேன். சமூக அக்கறைன்னு சொன்னா பொய். அன்னிக்கு ரெண்டு பீரியடுக்கு ஓ.டி. கிடைச்சது, கூடவே ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஃப்ரூட்டியும். அவ்ளோதான். அதனால, ஒரு எழுத்தாளரோட கையெழுத்துக்காக ரத்தம் கொடுத்த அமெரிக்க ரசிகர்களைப் பத்திப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை. அட, நம்ம கோஷ்டின்னுதான் தோணுச்சு.

அந்த எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். அசிமோவ், கிளார்க், ஹைன்லைன்னு மூணு பேரையும் சேர்த்து அறிவியல் புனைகதையின் மும்மூர்த்திகள்னு சொல்வாங்க. சுஜாதா வழியா வந்த நமக்கு முதல் ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி. மூணாவது ஆசாமி கொஞ்சம் வில்லங்கமானவர். இவர் ரசிகர் மாநாடுகள்ல மேடையேறின கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உலக அறிவியல் புனைகதை மாநாடு (செல்லமா வேர்ல்ட்கான்) 1939ல நியூயார்க்கில் ஆரம்பிச்சது. ரசிகர்களே கைக்காசு போட்டு, வருஷம் ஒரு ஊர்னு நடத்தறது. ஒவ்வொரு தடவையும் கௌரவ விருந்தினர்னு கூப்பிடுவாங்க, பெரும்பாலும் எழுத்தாளரை. ஹைன்லைனை மூணு தடவை கூப்பிட்டாங்க. 1941, 1961, 1976.

1941 ஜூலையில் டென்வர் நகரம். வந்தவங்க நூறு பேர்கூட இல்லை. நம்ம ஊர் கல்யாணத்துல ஒரு பந்திக்குக் காணாது! ஹைன்லைன் கடற்படையில் அதிகாரியா இருந்து, காசநோய் வந்ததால 1934ல வெளியே வந்தவர். முதல் கதை அச்சானது 1939ல. ரெண்டே வருஷத்துல கௌரவ விருந்தினர்னா வேகத்தைப் பாருங்க. "எதிர்காலத்தைக் கண்டுபிடித்தல்"னு தலைப்பு. உலகம் தலைகீழா மாறப் போகுது, மாற்றத்தை முன்கூட்டியே கற்பனை பண்ணிப் பழகினவங்களுக்குப் புத்தி பேதலிக்காது, அதனால நாம இந்தக் கதைகளைப் படிக்கிறது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இதுதான் பேச்சோட சாரம். ஒரு ரசிகர் அதை இசைத்தட்டுல பதிவு பண்ணி வெச்சதால நமக்கு முழுசா கிடைச்சிருக்கு. அந்தப் புண்ணியவான் வாழ்க. அஞ்சு மாசத்துல பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து அமெரிக்காவும் போருக்குள்ள போயிடுச்சு. அதோட 1946 வரைக்கும் மாநாடே கிடையாது.

1961 சியாட்டில். இப்போ அவர் பெரிய ஆள், அதோட பயந்த ஆளும்கூட. கொலராடோ வீட்டுல அணுகுண்டுக்குப் பதுங்குமிடம் கட்டிக்கிட்டவர். மேடையில ஏறி, எந்த வழியில போனாலும் நம்மில் மூணுல ஒரு பங்கு பேர் சாகப் போறோம்ங்கிற ரீதியில பேசினார். ஞாயித்துக்கிழமை ஜாலியா இருக்கலாம்னு வந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அடுத்த வருஷம் அக்டோபர்ல கியூபா ஏவுகணைச் சிக்கல் வந்தப்போ அவர் சொன்னது கிட்டத்தட்ட நடந்திருக்கும். நல்லவேளை, நடக்கலை. அவர் சொன்ன பெரிய ஜோசியங்கள்ல இது தப்பாப் போனதுக்கு அவரே சந்தோஷப்பட்டிருப்பார்.

இடையில ஒரு விஷயம். 1969ல 'ஐ வில் ஃபியர் நோ ஈவில்'னு ஒரு நாவல் எழுதி முடிக்கிறார். கதாநாயகர் கிழட்டுக் கோடீஸ்வரர், ஏபி நெகட்டிவ். அபூர்வ ரத்தம் இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து உதவற சங்கம் ஒண்ணு கதையில வருது. நாவலாப் பார்த்தா எனக்குப் பாதிக்கு மேல ஓடலை, அது வேற விஷயம். எழுதி முடிச்ச கையோட, 1970 ஆரம்பத்துல, ஹைன்லைனுக்கு வயித்துக்குள்ள கிருமித்தொற்று பரவி உயிருக்கே ஆபத்து. அவர் ரத்தமோ ஏ2 நெகட்டிவ். ஏ குரூப்காரங்கள்ல பெரும்பாலானவங்க ஏ1தான். நெகட்டிவும் சேர்ந்தா தேட வேண்டியதுதான். முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தத்துல பிழைச்சார். எழுந்து நடமாடவே ரெண்டு வருஷம் ஆச்சு. புத்தகத்தை வெளியே கொண்டுவந்த வேலையெல்லாம் மனைவி வர்ஜீனியாவோடது.

இனிமேதான் 1976. ஊர் கன்சாஸ் சிட்டி, அவர் வளர்ந்த ஊர். கூட்டம் இப்போ ஆயிரக்கணக்குல. வியட்நாம் போர் முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருக்கு. வியட்நாம்ல காயம்பட்டுத் திரும்பின ஜோ ஹால்ட்மேனுக்கு 'தி ஃபாரெவர் வார்' நாவலுக்காக ஹ்யூகோ விருது கொடுத்தது இதே மாநாட்டுலதான். ஹைன்லைனோட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'க்குப் பதில்னு பலர் படிக்கிற நாவல் அது. இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நம்மாளு போர் எப்பவும் இருக்கும்னு பேசினா? கூச்சல் போட்டாங்க. மூணு பேச்சும் 'ரெக்வியம்'ங்கிற தொகுப்புல இருக்கு. மூணையும் படிச்சேன், இதுதான் சுமார். அங்கேயும் இங்கேயும் தாவுது.

ஆனா கீழே வேற கதை நடந்துச்சு. ரத்தம் கொடுத்தவங்களுக்குத்தான் கையெழுத்துன்னு அவர் கறாரா இருந்தார். ரத்தம் கொடுத்தவங்களுக்குன்னே தனியா வரவேற்பும் வெச்சார். அப்போ அமெரிக்காவுல காசுக்கு ரத்தம் விக்கறவங்க நிறைய. அந்த ரத்தத்துல மஞ்சள் காமாலை தொத்தற ஆபத்து அதிகம். தானமா வந்ததா, விலைக்கு வாங்கினதான்னு பையில எழுதியே ஆகணும்னு அங்கே சட்டம் வந்ததே 1978லதான். அதனால சும்மா கொடுக்கற ஆள் கிடைக்கிறது பெரிய விஷயம். அதே 1976ல காம்ப்டன் கலைக்களஞ்சிய ஆண்டு மலருக்கு அபூர்வ ரத்தத்தைப் பத்திக் கட்டுரையும் எழுதினார். அடுத்த வருஷமும் மாநாடு மாநாடா போய் இதையே செஞ்சார், எழுபதை நெருங்கின வயசுல.

மேடையில அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டவங்கள்ல எத்தனை பேர் கீழே வந்து கையை நீட்டினாங்களோ! நானா இருந்தா ரெண்டையும் செஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன் :-)

அவர் 1988ல போயிட்டார். அவர் பேர்ல இருக்கற சங்கம் அதுக்கப்புறமும் மாநாடுகள்ல ரத்ததான முகாம் நடத்திட்டு வருது. கையெழுத்து போட ஆள் இல்லை, ஆனாலும் வர்றாங்க.

பி.கு: நான் ஓ நெகட்டிவ். என்.எஸ்.எஸ். லிஸ்ட்ல என் நம்பர் எப்படியோ சுத்திச் சுத்தி, வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு போன். "தம்பி, நீங்க ஓ நெகட்டிவாமே?" மறுநாள் காலையில ரிலீஸ். சபிச்சுக்கிட்டேதான் போனேன். கொடுத்துட்டு வெளியே வந்தா, வராந்தாவுல ஒரு பெரியவர் ஃப்ரூட்டி பாக்கெட்டோட நின்னுட்டிருந்தார். ஸ்ட்ராவை அவரே குத்திக் கொடுத்தார்.

உங்க குரூப் என்ன மக்களே?